குட்டி கேட்டுப் போன அரசர்

முன்னொரு காலத்தில் குன்றைநாடு என்று ஒரு நாடு. அதை உதயகேசரி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் சொன்னதைச் சோற்றுக்கு உட்காரும்போது மாற்றிவிடுவார். காத்திருப்பது என்றால் அவருக்கு வேப்பங்காய்.

அவருடைய சின்ன மகள் நீலமணி நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டாள். உடனே மழவராயர் என்ற அவைப் பிரபு பட்டு மெத்தையில் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். "இமயமலைச் சாதி, அரசே!" என்றார். சில நாளில் அது செத்துப்போனது. இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் போய்விட்டது. குழந்தை சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டது.

அரசர் மழவராயரைப் பார்த்து முறைத்தார். அந்த மனிதர் சளைத்தவரா என்ன? அமைச்சர் குழைக்காதர் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"குட்டியில் குறையில்லை அரசே. நம் அமைச்சர் அதை உற்று உற்றுப் பார்த்தார். கண்ணேறு பட்டுவிட்டது!" என்றார்.

"பார்த்தது உண்மை. பல்கூட முளைக்காத குட்டியை யாரும் உற்றுத்தான் பார்ப்பார்கள்" என்றார் குழைக்காதர்.

அரசருக்கோ கோபம் தலைக்கேறியிருந்தது. "அப்படியானால் அடுத்த குட்டியை நீரே கொண்டுவாரும், அமைச்சரே! அதுவும் செத்தால் உம் பதவி போச்சு."

"கொண்டுவருகிறேன். ஆனால் நாய் வாங்க நீங்களும் என்னோடு வரவேண்டும். அரசராக அல்ல, என் மைத்துனராக."

மாறுவேடம் என்றதும் அரசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முண்டாசு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் சந்தைக்குப் போனார்கள். மழவராயருக்குக் குட்டி கொடுத்த வியாபாரி அங்கே இருந்தான். கூடை கூடையாகக் குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று முனகிக்கொண்டு கிடந்தன.

"இவற்றின் தாய் எங்கே ஐயா?" என்று கேட்டார் குழைக்காதர்.

"தாய் எதற்கு? குட்டிதானே வாங்கப் போகிறீர்கள்!"

"என் மைத்துனர் கொஞ்சம் மறதிக்காரர். வெயிலில் கட்டிப்போடுவார், நினைவு வந்தால் சோறு வைப்பார். பரவாயில்லையா?"

"தாராளமாகக் கட்டட்டும்! செத்தால் வாருங்கள், வேறொன்று தருகிறேன். அரண்மனைக்கே அப்படித்தான் போகிறது. மழவராயர் ஆள் அனுப்புவார், கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பேன்."

அரசரின் மீசை துடித்தது. குழைக்காதர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்து, மலையடிவாரத்தில் சிலம்பாயி என்ற பெண்மணியின் ஆட்டுக்கிடை. பெரிய மந்தைக்குச் சொந்தக்காரி. அவள் வளர்க்கும் காவல் நாய்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பேர். செவலை என்ற தாய்நாய் வேலியோரம் படுத்திருக்க, குட்டிகள் அதன்மேல் ஏறி உருண்டு விளையாடின. அமைச்சர் இங்கேயும் அதே கதையைச் சொன்னார். வெயிலில் கட்டுவார், நினைவு வந்தால் சோறு.

சிலம்பாயி கையிலிருந்த கோலால் வாசலைக் காட்டினாள். "வந்த வழி அதுதான். கிளம்புங்கள்."

அரசருக்கு வேடம் மறந்துபோனது. முண்டாசை உருவி எறிந்தார். "நான் யார் தெரியுமா? இந்த நாட்டு அரசன்!"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், அடையாளம் கண்டுகொண்டாள், முறையாகக் கும்பிட்டாள். "அரசருக்கு வணக்கம். குட்டி மட்டும் கிடையாது."

"என்ன சொன்னாய்?"

"அரண்மனைக்குப் போன குட்டிகள் என்ன ஆயின என்று ஊரே பேசுகிறது. ஆடு கேளுங்கள், மந்தையோடு தருகிறேன். செவலை பெற்றதைப் பட்டினி போடுகிறவர் கையில் கொடுக்கமாட்டேன்."

அரசரின் கை இடுப்புத் துணிக்குள் மறைத்திருந்த வாளுக்குப் போனது. சிலம்பாயி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. குழைக்காதர் நடுவில் வந்து நின்றார்.

"அரசே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே ஒருவன் எப்படிப்பட்ட ஆளுக்கும் கொடுக்கத் தயாராக இருந்தான். இந்த அம்மா அரசருக்கே மாட்டேன் என்கிறார். உங்கள் மகளுக்கு யாரிடம் வாங்குவீர்கள்?"

அரசர் வாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, புழுக்கை கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெயிலில் கட்டுவேன் என்பது இவர் விட்ட கதை, அம்மா. கேட்க வேண்டியதை என்னிடமே கேளுங்கள்."

"எங்கே படுக்கும்? யார் சோறு வைப்பார்கள்?"

"சேவகர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

"அப்படியானால் சேவகரை அனுப்புங்கள். அவரைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் என் மகளும் வைப்போம். போதுமா?"

"மகளைக் கூட்டிவாருங்கள். ஆனால் இப்போது கிடையாது. பால்குடி மறக்கட்டும்."

காத்திருக்கவே தெரியாத அரசர் காத்திருந்தார். மகளோடு கிடைக்கு வருவதும் போவதுமாக இருந்தார். இருப்பதிலேயே பெரிய குட்டியை அவர் காட்டியபோது சிலம்பாயி வேண்டாம் என்று தலையாட்டினாள். "அது ஓடியாடித் திரிகிற குட்டி. அரண்மனைச் சுவருக்குள் ஏங்கிப்போகும். இதைப் பாருங்கள், குழந்தையின் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது." அதையே நீலமணி தூக்கிக்கொண்டாள். செவலை கூடவே வாசல்வரை நடந்து வந்து, குழந்தையின் கையை நக்கிவிட்டுத் திரும்பியது.

அவையில் மழவராயர் மூக்கைச் சுளித்தார். "ஆட்டுக்கிடை நாயா அரசே, அரண்மனையில்?"

"உம் வியாபாரியின் கூடைகளைப் பறிமுதல் செய்துவிட்டேன், மழவராயரே. அத்தனை குட்டிகளும் உம் வீட்டுக்கு வருகின்றன. பாலில் துணியை நனைத்து நீரே புகட்டும். அவை பிழைத்தால்தான் உமக்கு இந்த ஆசனம்."

பாவம், அதன்பிறகு மழவராயர் சபைக்கு வந்தபோதெல்லாம் அவர் பட்டாடை ஈரமாகவே இருந்ததாம். ஆனால் குட்டிகள் பிழைத்துவிட்டன. பொறாமைப்பட அவருக்கு நேரமும் இல்லாமல் போனது. குழைக்காதருக்கு அந்த அவையிலேயே அரசர் தன் தோளில் கிடந்த பொன்னாடையைப் போர்த்தினார். ஊரில் எங்கே குட்டி விற்றாலும் தாயைக் காட்டித்தான் விற்கவேண்டும் என்று அன்றே பறையறைவிக்கச் சொன்னார். இந்த ஒரு கட்டளையை அவர் கடைசிவரை மாற்றவே இல்லை.

சில காலம் கழித்து அண்டை நாட்டு அரசர் விருந்துக்கு வந்தார். கட்டுமஸ்தாக வளர்ந்து நீலமணியின் காலடியில் கிடந்த நாயைப் பார்த்து வியந்தார். "என்னுடையதற்கு யானை விலை கொடுத்தேன். இதை என்ன கொடுத்து வாங்கினீர்கள்?"

உதயகேசரி நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை முறுக்கினார்.

"வாங்கவில்லை ஐயா. என்னை விசாரித்துப் பார்த்து, நம்பிக் கொடுத்தார்கள்."