குளிர் கசியாத ஐஸ் ஃபேக்டரி

கோணமங்கலத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் வெள்ளியங்கிரி ஒரு கம்பெனி தொடங்கினார். ஆலைகளில் வீணாகிற மின்சாரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பதுதான் வேலை. வழிகாட்டிப் புத்தகத்தை வாசிக்க மயிலாத்தாள், கொத்துவேலைக்குச் சடையப்பன். ஆறு மாதமாக ஓர் ஈ கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. ஒரே ஓர் ஆலையிலாவது மின்சாரத்தைக் கால்பங்கு குறைத்துக் காட்டுகிற கம்பெனிக்கு உரிமம் உண்டு. சுற்றுவட்டார ஆலைகளெல்லாம் இனி அங்கேதான் போக வேண்டும். காட்டாதவர்கள் கடையைக் கட்டலாம்.

வெள்ளியங்கிரி ஓடிப்போய் நின்ற இடம் ராமாத்தாளின் ஐஸ் ஃபேக்டரி.

“இந்த மாசமும் கரண்டு பில்லு குறையலீன்னா ஃபேக்டரிய மூடிருவேன், பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, ராமாத்தாள் பேத்தியின் காதுகுத்துக்குக் கிளம்பிப் போனார்.

குளிர் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்றது புத்தகம். மூவரும் ஐஸ் அறையை மூன்று நாள் தடவிப் பார்த்தார்கள். சுவரில் கசிவில்லை, கூரையிலும் இல்லை. கதவைத் திறந்தபோது மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தது.

“கதவைச் சாத்தி வெச்சாப் போதாதுங்களா?” என்றார் சடையப்பன்.

“சாத்துன கதவை எவனாவது தொறப்பான்” என்றார் வெள்ளியங்கிரி.

மயிலாத்தாள் புத்தகத்தைப் புரட்டினாள். “அடைக்கோணும்னுதான் போட்டிருக்குதுங்க. சாத்தோணும்னு எங்கியும் போடலீங்க.”

கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். அரசாங்க ஆய்வு நாள் காலையில் ஒரே ஓர் ஓட்டை பாக்கி. உள்ளே இருந்து பூசினால்தான் சுத்தமாக வரும் என்று சடையப்பன் அதன் வழியாக நுழைந்து, அடைத்து, அருமையாகப் பூசியும் முடித்தார்.

ஆய்வாளர் தணிகாசலம் வந்தார். அவர் பெண் எடுத்த ஊரும் கோணமங்கலம்தான். மீட்டரைப் பார்த்து அசந்துபோனார். பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது சுவருக்குள்ளே யாரோ தட்டினார்கள்.

“உள்ள யாருங்க?”

“நம்ம மேஸ்திரிங்க” என்றார் வெள்ளியங்கிரி.

“ஆளைக் குளிர்ல விடலாமா? உடைச்சு வெளிய எடுங்க.”

“உடைச்சாக் குளிர் கசியுங்களே.”

மயிலாத்தாளுக்கும் கவலை வந்துவிட்டது. “சூடான பொருளை ஐஸ் ரூமுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. மேஸ்திரி உசுரோட இருக்கற வரைக்கும் சூடுதானுங்களே.”

வெள்ளியங்கிரி கண்ணை மூடி யோசித்தார். “நம்ம முதுகுக்குப் பின்னால இன்னொரு செவுரு எழுப்பிக்கலாமுங்க. அப்புறமா இதை உடைச்சா, வர்ற குளிர் நம்மகூடவே நின்னுக்கும்.”

ஆய்வாளர் உத்தரவை முழுக்கப் படித்தார். இரண்டாவது சுவருக்கு அதில் தடை இல்லை. அவரே கோட்டைக் கழற்றிவிட்டுச் செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானத்துக்குள், அவர்கள் நின்றிருந்த ஐஸ் ஏற்றும் மேடையை அடைத்துச் சுவர் எழும்பியது. முதல் சுவரை உடைத்தார்கள். பல் தந்தியடிக்க வெளியே வந்த சடையப்பன், முதல் வேலையாகப் புதுச் சுவரைத் தடவிப் பார்த்து, பூச்சு மோசம் என்றார். பாவம், விரல் விறைத்துப்போன ஆய்வாளர் எப்படியோ கையெழுத்துப் போட்டார். உரிமம் கிடைத்துவிட்டது. வெள்ளியங்கிரிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்து கன்னத்திலேயே உறைந்தது.

அப்போது வெளியே ராமாத்தாளின் குரல் கேட்டது. “வெள்ளியங்கிரி, எங்கப்பா இருக்கறே? மீட்டரு பாதிதான் ஓடியிருக்குது, நீ நல்லா இருப்பே. மீன் வண்டி வந்து நிக்குது. ஐஸை எந்த வழியா எடுக்கறது?”

உள்ளே நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி சுவரில் வாயை வைத்துக் கத்தினார்.

“வண்டிய இந்தச் செவுத்தை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கக்கா. அதுக்குப் பின்னால மூணாவது செவுரு எழுப்பிட்டா, இதை உடைச்சு ஐஸைக் குடுத்தர்றோம். டிரைவருக்குக் கொத்துவேலை தெரியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”