ஜமீன்தார் படித்த இங்கிலீஷ்

ஒட்டம்பாறை ஜமீன்தாரின் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். கலெக்டர் துரை வரப்போகிறார் என்றதும் அவருக்கு இங்கிலீஷ் ஆசை வந்துவிட்டது. வாத்தியார் ஞானமுத்து, "குட் மார்னிங்" என்று சொல்லிக்கொடுப்பார். ஜமீன்தார் சாறு வழியாமல் அண்ணாந்து, "குழ் மாழ்ழிங்" என்பார். "பிரமாதம்!" என்பார் வாத்தியார்.

ஒருநாள், எச்சில் படிக்கம் ஏந்தி நிற்கும் குப்பாண்டி பக்கம் ஜமீன்தார் திரும்பினார். "எங்கே, நீ சொல்லுடா."

"குட் மார்னிங், எஜமான்."

"தப்பு! நாளைக்கு அச்சு அசலா நான் சொல்ற மாதிரி சொல்லணும். இல்லேன்னா இந்த அரண்மனையில உனக்கு வேலை கிடையாது."

மறுநாள் அரண்மனை ஆட்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"என்னடா, வருமா?"

"ஒரு வாய் வெத்திலை குடுங்க எஜமான், வரும்."

கொடுத்தார். குப்பாண்டி நிதானமாக மென்று, வாய் நிறைந்ததும் அண்ணாந்து சொன்னான்: "குழ் மாழ்ழிங்."

அதே குரல், அதே குழறல். சிரிப்பை அடக்க எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜமீன்தார் அவனை முறைத்தார். பிறகு படிக்கத்தை இழுத்துத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்தார்.

"குட் மார்னிங்" என்றார். சுத்தமாக வந்தது.

உடனே வாத்தியார் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா எதுக்குய்யா பிரமாதம்னீர்?"