காலண்டரில் இருந்த படித்துறை

குரு அருள்வடிவ சுவாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் ஆவுடையப்பனுக்குக் கல்லூரிக்குப் போகிற பேரன் இருக்கிறான். கோவில்பட்டியில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர். பிடித்தால் ஒரே பிடிதான்.

இருவரும் காசிக்கு வந்திருந்தார்கள். ஆவுடையப்பனின் தோள்பையில் அவருடைய அப்பாவின் அஸ்தி, சிறு மண்கலயத்தில். சட்டைப்பையில் மடித்துவைத்த ஒரு பழைய காலண்டர் படம்.

அப்பா கடைசிக் காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். எதிர்ச் சுவரில் அந்தப் படம். நீல ஆறு, கழுவிவிட்ட மாதிரி படிகள், வெள்ளை மண்டபம், அதன்மேல் இரண்டு புறாக்கள். என்னை அங்கேதான் கரைக்கணும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவரும் காசியைப் பார்த்ததில்லை.

வந்ததிலிருந்து மகன் அந்தப் படித்துறையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துறையிலும் படத்தை எடுத்து உயரப் பிடித்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்கு நடப்பார். படகுக்காரர்கள் ஆளுக்கொரு துறையைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் சுவாமியிடம் வந்து, அந்த இடம் கிடைக்காவிட்டால் கலயத்தை ஊருக்கே எடுத்துப்போகிறேன், வேறெங்கும் கரைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாவம், பிள்ளை என்றால் இப்படி ஒரு பிள்ளை.

"காலையிலே எந்தத் துறையிலே இருந்தீங்க?" என்று கேட்டார் சுவாமி.

"பேர் தெரியலை சாமி. மண்டபம் இல்லை. புறா இல்லை. தண்ணியும் நீலமா இல்லை."

"இல்லாததைச் சொல்லிட்டீங்க. என்ன இருந்துச்சு?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். காலை முழுக்க நின்ற இடம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

சுவாமி அதை அத்தோடு விட்டுவிட்டார். கரையோரக் கடையில் டீ வாங்கிக்கொடுத்தார். காசிக்கு வருகிறவர்கள் தமக்குப் பிடித்த ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடமாட்டார்கள். பேச்சு அந்த வழக்கத்துக்குப் போயிற்று.

"நீங்க எதை விடப்போறீங்க?"

"பாகற்காய், சாமி."

"ரொம்பப் பிடிக்குமோ?"

"வாயிலேயே வைக்கமாட்டேன்."

சுவாமி வாய்விட்டுச் சிரித்தார். ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் காசியில் விட்ட பாகற்காய்க்கு ஒரு கணக்கே கிடையாது.

"பிடிச்சதைத்தானே விடணும்? அது உங்க சட்டைப்பையிலே இருக்கு" என்றார் சுவாமி.

ஆவுடையப்பனின் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"மாட்டேன் சாமி. அப்பா கண்ணை மூடுற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தது இது. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

சுவாமி கலயம் இருந்த பையை மெல்லத் தொட்டார்.

"அப்பாவையே விட வந்திருக்கீங்க. காலண்டரை விட முடியலையா?"

ஆவுடையப்பனின் கையில் டீ ஆறிப்போயிற்று. பிறகு அந்தப் படத்தை எடுத்து, பிரிக்காமலே சுவாமியின் கையில் கொடுத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, எதிரே இருந்த துறையைப் பார்த்தார்.

"ஒரு அம்மா புடவை பிழியறாங்க சாமி" என்றார். "பக்கத்துப் படியிலே எடம் இருக்கு."