புலி ராஜாவுக்கு இருவாச்சி சொன்ன பதில்

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அதன் பொந்தில் பொன்மூக்கன் என்ற இருவாச்சியின் குடும்பம் இருந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி, அவன் மனைவி கருவிழி பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு முட்டையிட்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டிருந்தாள். குஞ்சு பொரிந்து வளரும்வரை அவளால் வெளியே வர முடியாது. பொன்மூக்கன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

பொன்மூக்கனுக்குக் காடே அதிரும் குரல். அதைக் கேட்ட புலி ராஜா அவனைத் தன் கட்டியக்காரனாக வைத்துக்கொண்டது. அவன் முன்னால் பறந்து, "ராஜா வருகிறார்! வழி விடுங்கள்!" என்று கூவுவான். யானைகூட ஒதுங்கி நின்றது! பொன்மூக்கனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் வீட்டில் எல்லாமே அவசரம்தான். ஆற்றங்கரை அத்திமரத்துப் பழங்களை இடுக்கு வழியாகத் திணிப்பான், உடனே பறப்பான்.

"கொஞ்ச நேரம் உட்காருங்களேன்" என்பாள் கருவிழி.

"சபைக்கு நேரமாச்சு! யாருக்காக இப்படி அலையறேன்? உங்களுக்காகத்தானே!"

ஒரு நாள் காலை அவன் அலகை உள்ளே நீட்டியதும் யாரோ வெடுக்கென்று கொத்தினார்கள்.

"அம்மா! திருடன்!" என்று கத்தியது குஞ்சு.

"திருடன் இல்லடா. உங்க அப்பா."

"அப்பாவா? அப்படின்னா?"

கருவிழி அவனைத் திட்டவில்லை. பழத்தை வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சபையில் புலி உறுமியது: "நாளைக்கு எல்லையைச் சுற்றிவரக் கிளம்புகிறேன். மழைக்காலம் வரும்வரை நீ என்கூடவே இருக்கணும். வீட்டுப் பக்கம் போகக் கூடாது!"

"நான் வர மாட்டேன், ராஜா!"

மந்திரி நரி இளித்தது. "பொந்துக்குள்ளே ஒரு பெட்டை, ஒரு குஞ்சு. அதுக்காக ராஜாவையே எதிர்க்கிறாயா?"

"ஆமாம், அதுக்காகத்தான்! நான் கூவலைன்னா ராஜாவுக்குக் கொஞ்சம் பெருமை குறையும். நான் வீட்டுக்குப் போகலைன்னா அங்கே ரெண்டு உயிர் போயிடும்!"

"ஆற்றங்கரை அத்திமரம் என்னுடையது!" என்று சீறியது புலி. "இனி ஒரு பழத்தைத் தொட்டாலும் உன் இறக்கையைப் பிய்த்துவிடுவேன்!"

"நீங்களே வச்சுக்கோங்க! மலைக்கு அந்தப் பக்கமும் அத்தி காய்க்கும்!"

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான். ஆனால் மலையைத் தாண்டுவது லேசாக இல்லை. எதிர்க்காற்று அடித்தது. இறகுகள் உதிர்ந்தன. சில நாள் பாதி வயிறுதான் நிறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறை வந்ததும் இடுக்கின் ஓரம் உட்கார்ந்தான். வழியில் பார்த்த மேகங்களையும் அருவியையும் பற்றிச் சொன்னான். "அப்புறம்? அப்புறம்?" என்று குஞ்சு அலகை வெளியே நீட்டியது. உள்ளே கருவிழி சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு நாள் கருவிழி மண்சுவரைக் கொத்தி உடைத்துக் குஞ்சோடு வெளியே வந்தாள். குஞ்சு கிளையில் நடுங்கிக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து நரி ஓடி வந்தது.

"பொன்மூக்கா! ராஜா உன்னை மன்னிச்சுட்டார். மயிலுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. உடனே கிளம்பு!"

"மயிலா?"

"நீ போன அன்னிக்கே உன் இடத்துல மயிலை வச்சுட்டோமே!"

பொன்மூக்கன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்படின்னா மயில் இடத்துல காக்கையை வச்சுக்கோங்க! இப்போ நகரு, என் மகன் பறக்கப் போறான்!"

"விழுந்துட்டா, அப்பா?" என்றது குஞ்சு.

"உனக்குக் கீழேயே நான் பறந்து வரேன். குதி!"

குஞ்சு குதித்தது.

வெளியில் நம் இடத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடுவார்கள். வீட்டில் நம் இடம் நாம் வந்து உட்கார்ந்தால்தான் நிறையும்.