இட்லிப் பானை மேல் ஓர் எஞ்சின்

முதலில் தப்புச் செய்தவன் நாச்சிமுத்து. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

சென்னியப்பன் மடத்துக்கு வந்த அன்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டார்.

"தப்பு அவன் மேலதானுங்க. நாச்சிமுத்து மேல."

"வாங்ணா," என்றாள் அம்மிணி. "அவரையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

அது கரட்டடியில் இருந்த சின்ன மடம். ஓர் ஓட்டு வீடு, ஒரு மாட்டுக் கொட்டகை, பின்னால் கொஞ்சம் கடலைக்காடு. அதை நடத்தியவளுக்குச் சென்னியப்பனைவிட வயது குறைவு. சுற்றுவட்டாரத்தில் அவளை அம்மிணி என்பார்கள். காரியம் பெரிதாக இருந்தால் அம்மிணிச் சாமி என்பார்கள்.

சென்னியப்பனுக்குச் சாமி என்று வாயில் வரவில்லை.

"மனசு ஓயோணுமுங்க அம்மிணி. இங்கயே இருந்துக்கறேன். காட்டு வேலை, மாட்டு வேலை எதுனாலும் செய்யறேன்."

"வீட்டுல என்னாச்சு?"

"நாச்சிமுத்து பேரை எடுத்தாலே மருமக மிக்ஸியைப் போட்டுடறாளுங்க."

"எதை அரைக்கறா?"

"வெறும் மிக்ஸிங்க."

அம்மிணி சிரித்தாள். "இருந்துக்கங்க. பையில என்ன?"

இரண்டு வேட்டி. ஒரு துண்டு. பழைய சட்டைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எஞ்சின். மேலெல்லாம் காய்ந்த மண். மண்ணுக்கு அடியில் கோந்து போல இறுகிப்போன எண்ணெய்க் கறை.

"இங்க சும்மா இருக்கற சாமானே கெடையாதுங்ணா," என்றாள் அம்மிணி. "உடைஞ்ச பானைக்குள்ள கோழி அடையுது. சைக்கிள் வீலு மேல பீர்க்கங்கொடி ஏறுது. அதா, அந்த ஒத்தைச் செருப்பு கூடக் கதவுக்கு முட்டுக் குடுக்குது. இதுக்கு என்ன வேலை?"

"இது வெளையாட்டு ஏரோப்ளேன் எஞ்சினுங்க."

"அது பேரு. வேலை என்ன?"

சென்னியப்பன் எஞ்சினைத் துணியோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தார்.

"சாட்சிங்க," என்றார்.

அம்மிணி உட்கார்ந்துவிட்டாள். "சரி, சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது.

இளவட்ட வயதில் அவரும் நாச்சிமுத்துவும் ஒரே மில்லில் வேலை. ஊரைவிட்டுப் போன எஞ்சினியர் ஒருவர் அந்த எஞ்சினைச் சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து மெல்லிய பலகையிலும் காகிதத்திலும் ஒரு ப்ளேன் கட்டினார்கள். நாச்சிமுத்து தேக்கில் காற்றாடி செதுக்கினான். மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும் ஈதர், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றிக் காற்றாடியை விரலால் தட்டினால், எஞ்சின் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும்.

ப்ளேன் தன் பாட்டுக்குப் பறந்துவிடாது. அதற்கு இரண்டு கம்பி. கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நடுவில் நிற்பான். இன்னொருவன் ஓரத்தில் ப்ளேனைப் பிடித்திருந்து விடுவான். அது நடுவில் இருப்பவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். எண்ணெய் தீர்ந்தால் இறங்கும். அது ஒரு சுத்து.

"அவன் ஒரு சுத்து, நான் ஒரு சுத்து. அப்படித்தான் பேச்சு. அன்னைக்குச் சுத்து என்னுது."

"ம்."

"ஈதரும் அதோட தீந்துபோச்சுங்க. கடைசிச் சுத்து. ப்ளேன் மேல ஏறிருச்சு. அப்பப் பாத்து அந்தப் பக்கமா அவனுக்குப் பேசியிருந்த புள்ள வருது. 'சென்னி, இந்த ஒரு சுத்து எனக்குக் குடுறா'ங்கறான். நான் குடுக்கமாட்டேன்னு சொல்றதுக்குள்ள கம்பியைப் புடுங்கிட்டான்."

"அப்புறம்?"

"ப்ளேனைப் பாக்காம புள்ளையைப் பாத்தான். நேரா உழவுக்காட்டுல மூக்குக் குத்தி விழுந்துதுங்க. ரெக்கை எங்கயோ, காத்தாடி எங்கயோ."

"அந்தப் புள்ளையைக் கட்டுனாருங்களா?"

"எங்கீங்க. அது வேற ஆளைக் கட்டிக்கிச்சு."

"அப்ப அவருக்கும் நட்டம்."

"மொத நட்டம் எனக்குத்தானுங்க," என்றார் சென்னியப்பன். "எஞ்சின் போச்சு. சுத்தும் போச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில இருந்து இன்னைக்கு வரைக்கும் வரல. அதுல பாருங்க, எஞ்சினை மண்ணுல இருந்து எடுத்துக் கையால திருப்பீட்டு, 'சுத்துது பாரு சென்னி, ஒண்ணும் ஆகல, பாரு'ன்னான்."

"சுத்துச்சா?"

"நான் பாக்கல."

"ஏனுங்ணா?"

"கோவமுங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அப்படியே புடுங்கித் துணியில சுத்திக்கிட்டு வந்துட்டேன். அடுத்த தீவாளிக்கு எடுத்துப் பாத்தேன். அசையல. கல்லு மாதிரி நிக்குது. நீங்களே திருப்பிப் பாருங்க."

அம்மிணி திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"தொடைச்சுகிடைச்சு வெச்சிருக்கலாமல்லோ?"

"தொடைக்கறதா?" சென்னியப்பன் பதறிப் போனார். "தொட்டா சாட்சி கலைஞ்சு போயிருமுங்க. அன்னைக்கு ஒட்டுன மண்ணு அப்படியே இருக்குது, பாருங்க."

அம்மிணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"இங்க கோர்ட்டு இல்லீங்ணா. வேற வேலை பாத்துக் குடுங்க. இல்லாட்டி நீங்க உள்ள, இது வெளிய."

"அது வெளிய போனா நானும் போறனுங்க."

"அப்பச் சீக்கிரம் பாருங்க. அமாவாசைக்கு ஊரே சாப்பிட வரும். அதுக்குள்ள."

சென்னியப்பனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. போனால் மிக்ஸி.

கொட்டகைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினைக் கயிற்றில் கட்டி, தூக்குக்குண்டுக்குப் பதிலாகத் தொங்கவிட்டார். அது தொங்கிய இடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. வேலை முடிந்து பார்த்தால், சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"மாடு சாய்ஞ்சு நிக்கறதுக்கு வாகா இருக்குது," என்றாள் அம்மிணி. "ஆனா இடிச்சுக் கட்டுங்க."

மடத்தில் ஒரு வெள்ளாடு இருந்தது. எந்த வேலியும் அதற்கு வேலி இல்லை. ஓடுகிற ஆட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டுவார்கள். சென்னியப்பன் எஞ்சினைக் கட்டினார்.

ஆடு எஞ்சினோடு ஓடியது.

கடலைக்காடு, கரடு, பக்கத்துத் தோட்டம் என்று சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார். பிடித்து இழுத்து வரும்போது ஆட்டுக்கும் அவருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது.

"பரவால்லீங்ணா," என்றாள் அம்மிணி. "கடைசியில எஞ்சினை ஓட வெச்சுட்டீங்க."

அன்று முழுக்க அவர் அம்மிணியோடு பேசவில்லை. ராத்திரி எஞ்சினைத் துணியில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்தார். அதுவும் ஒரு வேலைதானே என்று காலையில் கேட்டார். "கழுத்து எப்படி இருக்குது?" என்றாள் அம்மிணி. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அமாவாசை வந்துவிட்டது.

விடிந்ததும் பெரிய இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினார்கள். வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். சென்னியப்பன் பையைக் கட்டி வைத்துவிட்டு, போகிற போக்கில் விறகாவது தள்ளலாம் என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்தார்.

பானைக்கு நெளிந்த மூடி. ஆவி ஏறியதும் டங்டங்கென்று குதித்தது.

"கல்லு ஒண்ணை எடுத்து வெச்சாத் தீந்துது," என்றார் சென்னியப்பன்.

"எல்லாக் கல்லும் வரப்புல வேலையா இருக்குதுங்ணா." அம்மிணி கையை நீட்டினாள். "அந்தச் சாட்சியைக் குடுங்க."

"ஆவி பட்டா அழுக்கு எளகிருமுங்க."

"இட்லி வேகோணும்."

"மண்ணெல்லாம் உதுந்துருமுங்க அம்மிணி."

"பையை வேணா அவுத்து வெச்சுருங்க. வேலை கெடைச்சுப் போச்சல்லோ."

சென்னியப்பன் பையைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

மூடி அடங்கியது.

முதல் ஈடு இட்லி இறங்கும்போது வாசம் கிளம்பியது. வாசலில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, விளக்கெண்ணெய் வாசம் அடிக்குது? ஆருக்கு வயிறு சரியில்ல?"

"இந்த அண்ணனுக்கு," என்றாள் அம்மிணி. "வயசுப் பையனா இருந்தப்பச் சாப்பிட்டது. இன்னும் செரிக்கல."

வாசலே சிரித்தது. சென்னியப்பன் விறகை அடுப்புக்குள் வேகமாகத் தள்ளினார்.

ஈடு மேல் ஈடாக வெந்தது. எஞ்சினில் இருந்து பழுப்பாக ஒரு சொட்டு இறங்கி மூடியில் விழுந்து பொரிந்தது. பின்னால் இன்னொன்று. காய்ந்த மண் ஈரமாகி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் சென்னியப்பன் பல்லைக் கடித்தார்.

கூட்டம் பாதி சாப்பிட்டு முடித்திருந்தது. அம்மிணி அடுத்த ஈட்டை இறக்குவதற்காக எஞ்சினைக் கந்தைத்துணியால் எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"சூடு. பாத்துப் புடிங்க."

அவர் எழுந்து, துண்டை மடித்து வாங்கினார். என்ன தோன்றியதோ, முன்பக்கத்துத் தண்டைத் துண்டோடு சேர்த்து விரலால் ஒரு திருகு திருகினார்.

டப் என்று ஒரு சத்தம்.

சோடா மூடி திறந்த மாதிரி.

சென்னியப்பன் அப்படியே நின்றார். மறுபடியும் திருகினார். டப். இன்னொரு தடவை. அது வழுவழுவென்று சுற்றியது. உள்ளே ஒன்றும் தட்டவில்லை, ஒன்றும் உரசவில்லை. புத்தம்புதுச் சாமான் மாதிரி மூச்சு விட்டது.

"அம்மிணி," என்றார். "சுத்துதுங்க."

அம்மிணி தட்டுக் குழிகளில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, சுத்துது பாருங்க. ஒண்ணும் ஆகல. பாருங்க."

அவள் திரும்பவில்லை. ஒரு குழி. அடுத்த குழி.

"கையால தொட்டுக்கூடப் பாக்க வேண்டாமுங்க. ஒரே ஒரு தரம் திரும்பிப் பாத்தாப் போதும்."

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏனுங்க இப்படி? ஒரு மனுசன் இத்தனை தரம் பாரு பாருங்கறான், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு..."

தன் வாயில் வந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது.



அவர் மெதுவாக உட்கார்ந்தார். எஞ்சின் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டு நுனியைத் தண்ணீரில் நனைத்து, மிச்சம் இருந்த மண்ணைத் துடைக்கத் தொடங்கினார். சந்துபொந்தெல்லாம் துடைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை உலோகம் தெரிந்தது. துடைத்து முடித்தபோது அதில் சாட்சி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அம்மிணி அடுத்த ஈட்டை ஏற்றிவிட்டு, மூடி மேல் வைக்க எஞ்சினுக்குக் கையை நீட்டினாள்.

"இதை இனிமே அங்க வெக்கக் கூடாதுங்க," என்றார் சென்னியப்பன். "இது பறக்கற சாமான்."

"பறக்கட்டும். கடலைக்காட்டுல மயில் வந்து மேயுது. மேல ஒண்ணு சத்தம் போட்டுக்கிட்டுச் சுத்துனா எனக்கும் நல்லதுதான். அதுக்கு என்ன வேணும்?"

"பலகை வேணும். கம்பி வேணும். காத்தாடி வேணும்." அவர் தயங்கினார். "ரெண்டு ஆளு வேணுமுங்க. ஒருத்தர் புடிச்சு விட்டாத்தான் ஒருத்தர் ஓட்ட முடியும்."

"நானு புடிக்கட்டுங்களா?"

"உங்களுக்கு விடத் தெரியாதுங்க. எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி சன்னமாகும். அப்ப விடோணும். முன்னாலயும் ஆகாது, பின்னாலயும் ஆகாது."

"அது ஆருக்குத் தெரியும்?"

சென்னியப்பன் எழுந்தார். போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

அம்மிணி வாழை இலையை வாட்டி, இட்லிகளை அடுக்கி, நாரால் கட்டிக் கொடுத்தாள். கட்டு கனத்தது.

"ஒரு ஆளுக்கு இத்தனை இட்லி எதுக்குங்க?"

மூடி மறுபடியும் குதிக்கத் தொடங்கியிருந்தது. அம்மிணி அதைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

படலைத் திறந்த சென்னியப்பன் திரும்பி நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லீட்டுப் போயிர்றனுங்க. எஞ்சின் நல்லா இருந்தாலும் இல்லாட்டியும், அந்தச் சுத்து என்னுது. இன்னும் எனக்கு வரல."

"வரலீங்ணா."

"அவன் குடுத்தே ஆகோணும்."

"குடுத்தே ஆகோணும்," என்றாள் அம்மிணி. "வாங்காம இங்க வந்துராதீங்க."