சங்கிலி படுக்காத நிலம்

"காட்டுக்கு நீளம் ஒன்று, அகலம் ஒன்று, அப்புறம் இன்னொன்று" என்பார் பெரியப்பா. அந்த இன்னொன்றுக்கு என்னவோ பெயர் சொல்வார், மறந்துவிட்டது.

தேனீயும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மலைத்தேனீக்கள் இடுப்புயரப் புதர்களில்தான் அடை கட்டின. ஊர்த்தலைவன் சடையன் கேட்டால் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும், பாதியை அறுத்துக்கொள்வான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் அந்தத் தேனைத்தான் வைப்பார்கள்.

ஒருநாள் மூடுபனியோடு மூடுபனியாகத் தொப்பிக்காரர் ஒருவர் வந்தார். கையில் நீண்ட இரும்புச் சங்கிலி.

"இந்த நுனியைக் கொஞ்சம் பிடிப்பா."

விருந்தாளி நீட்டியதை மறுக்கிற வழக்கம் அங்கே இல்லை. சடையன் பிடித்தான்.

மனைவியின் தம்பி நஞ்சன் சிரித்தான். "என்ன மச்சான், மாட்டை விட்டுட்டுக் கயிற்றை மட்டும் ஓட்டிட்டுப் போறீங்க?"

"சும்மா இருடா. பெரியவர் காடு பார்க்க வந்திருக்கார்."

ஏழு நாள் நடந்தார்கள். சங்கிலி படுத்து எழுந்த இடமெல்லாம் கல் முளைத்தது. எட்டாம் நாள் தொப்பிக்காரர் ஒரு தாளை விரித்தார்.

"கல்லுக்கு உள்ளே எல்லாம் சர்க்கார் காடு. இனி தேன் எடுத்தால் கையில் விலங்கு."

"யார் அளந்தது?"

"நீதானே மறுமுனையைப் பிடித்தாய்!"

சடையனின் மகளுக்கு அது நிறைமாதம். அவன் புதரடியில் போய் உட்கார்ந்தான்.

"அந்தத் தாளில் மொட்டைப்பாறை எவ்வளவு அகலம்?" என்று கேட்டன தேனீக்கள்.

"அகலமே இல்லை. செங்குத்துப் பாறைதானே, வெறும் கோடு போட்டிருக்கார்."

"கோட்டுக்குள் எப்படிக் கல் நடுவார்?"

தேனீக்கள் எழுந்தன. வெயிலில் ஒரு நிழல் தானாக மலையேறுவதுபோல் இருந்தது. பாறையின் நடுநெற்றியில் போய் அப்பிக்கொண்டன.

"வருவதானால் வா, சடையா. ஆனால் நுனியை யார் கையில் கொடுக்கிறாய் என்று பார்த்துக் கொடு."

மூன்று நாள் காட்டுக்கொடி முறுக்கி ஏணி செய்தான். பாறை உச்சியில் ஊரே நின்றது. நுனியைப் பிடிக்க அண்ணன் கை நீட்டினான், பங்காளிகள் கை நீட்டினார்கள். நஞ்சன் மட்டும் தரையில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"நீங்க விழுந்தா எங்க அக்கா என் வீட்டுக்கு வந்து ஆயுசுக்கும் என்னைத் திட்டுவா. இங்க கொடுங்க மச்சான்."

கீழே பனி ஆழம் தெரியாமல் கிடந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், மலைத்தேனீ பாறையில் வாழ்வதும், தேனுக்கு இறங்குகிறவனின் கொடியைப் பெண் கொடுத்த மச்சான் தவிர வேறு யாரும் தொடாததும்: சடையன் கொடியின் நுனியை நஞ்சனிடம் கொடுத்தான்.