மாடு தவிட்டை ஏன் ஊதுகிறது

மாடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதெல்லாம் நெல்லை உமி போகும் வரைக்கும்தான் குத்துவார்கள். அரிசி செவேலென்று இருக்கும். அதைத்தான் எல்லோரும் பொங்கித் தின்றார்கள்.

பொம்மி பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டுச் செவலைப் பசுவும் அப்போதுதான் கன்று போட்டிருந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த நாத்தனார் புருஷன் இலையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான், சோத்துல செம்மண்ணைக் கலந்துட்டீங்களா?"

பொம்மியின் புருஷன் சென்னப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "இனிமே மல்லிகைப்பூ மாதிரி வெளுக்குற வரைக்கும் குத்து" என்று சொல்லிவிட்டான். பச்சை உடம்புக்காரி மூச்சு வாங்க மறுபடி மறுபடி குத்தினாள். உதிர்ந்த தவிட்டையெல்லாம் செவலையின் தொட்டியில் கொட்டினாள்.

"ஏம்மா, இது உன் பங்காச்சே" என்றது செவலை.

"அவருகிட்ட சொல்லு. நான் சொன்னா எடுபடாது."

செவலை சொல்லிப் பார்த்தது. "மாடு சொல்லி நான் சோறு திங்கணுமா?" என்றான் அவன்.

மழைக்காலம் முடிவதற்குள் கன்று துள்ளித் துள்ளிக் கட்டுத்தறியையே ஆட்டியது. பொம்மிக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அவளிடம் பால் குடித்த பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. வாய் திறக்கும், சத்தம் வராது.

மறுபடி விருந்து வந்தது. "சோறு இப்பதான் சோறு மாதிரி இருக்கு" என்றான் நாத்தனார் புருஷன்.

கொட்டிலிலிருந்து செவலை கத்தியது. "எல்லாம் ஒரே நெல்லுதான். தோலை நான் தின்னேன், என் கன்னுக்குட்டியைப் பாருங்க. வெள்ளையை அவ தின்னா, அவ புள்ளையைப் பாருங்க."

இலையில் இருந்த கைகள் நின்றன. சென்னப்பன் எழுந்து ஓடினான். தவிட்டை அள்ளி அள்ளிச் செவலையின் வாயில் திணித்தான். "இப்பப் பேசு பாப்போம்."

தொண்டை அடைத்துப் பேச்சு நின்றது.

பொம்மி தொட்டியிலிருந்து இரண்டு கை தவிட்டை அள்ளி வந்தாள். ஒரு கையைப் புருஷன் இலையில், வெள்ளைச் சோற்றின் மேல் கொட்டினாள். இன்னொரு கையை எல்லோரும் பார்க்கத் தன் வாயில் போட்டு மென்றாள். அதற்குப் பிறகு உமி போனதும் உலக்கையைச் சாத்திவிடுவாள். செவேலென்ற அந்தச் சோற்றையே அவனும் தின்றான். பிள்ளை பிழைத்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

செவலைக்குத்தான் பேச்சு திரும்பவே இல்லை. கோபமும் போகவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இன்றைக்கும் மாடு, தவிடு வைத்த உடனே மூக்கை உள்ளே விட்டுப் புஸ்ஸென்று ஊதி, வைத்தவர் முகத்திலேயே அடிக்கிறது. நாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வெள்ளைச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருகிறோம்.